எறும்பு ஆசிட்டும் சாம்பல் தண்ணியும்

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற திருநாவுக்கரசு கிராணிக்கு வாயைத் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். முப்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை. சிரம்பானில் எழுதப்போகும் ஏதோ ஒரு பரீட்சைக்காக மூன்று வருஷமாக ஒரே ரசாயனப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. பால் ஊற்ற வரும் ஆண்கள் அவரைக் கண்டதும் நழுவிவிடுவார்கள். ஷீட் உருட்டுகிற பெண்கள் மெஷின் சத்தத்தில் காது கேட்காத மாதிரி நடிப்பார்கள். வசமாக மாட்டிக்கொண்டவள் பஞ்சாலை ஒருத்திதான். தொட்டியில் ஆசிட்டை ஊற்றிக் கலக்குகிறவள் பாதியில் விட்டுவிட்டு எங்கே ஓடுவாள்?

அவளுக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. அந்த ஸ்டோர் வேலைக்காக அவர் எதைச் சொன்னாலும் கேட்கத் தயாராக இருந்தாள். ஏன் என்று கேட்டால், அவள் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். மலாயாவில் எமர்ஜென்சி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மலையில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, ரந்தாவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் லயங்களுக்கு முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். விடிகாலை ஐந்தரைக்குக் கேட்டில் நின்று, கொண்டையை அவிழ்த்து உதறி, வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டும். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. சீனி போட்ட தேத்தண்ணிகூடக் கூடாது. பாலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்வரைக்கும் வெறும் வயிறுதான். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டார்கள். பஞ்சாலைக்கு மட்டும் பசி பொறுக்காது. பத்து மணிக்கே கண் இருட்டிக்கொண்டு வரும். இரண்டு தடவை மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள். பக்கத்து நிரையில் மரம் வெட்டிய முத்தாயிதான் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தாள்.

அப்போதுதான் அவள் புருஷன் சன்னாசிக்குக் காக்கிச் சட்டை வந்தது. ஆறு வருஷமாக ஸ்டோரில் ஆசிட் கலக்கிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, கையில் துப்பாக்கியைத் திணித்து, ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சட்டைக்குள் இரண்டு சன்னாசி நுழையலாம். அவன் இடத்துக்கு வேறு ஆண்பிள்ளை கிடைக்காததால், துரை அவன் பெண்டாட்டியையே போட்டார். "ஒரு மாசம் பாப்போம். ஒழுங்கா செஞ்சா வேலை அவளுக்கு. கெடுத்தா மறுபடியும் காடுதான்" என்று கிராணியை விட்டுச் சொன்னார்.

ஸ்டோர் வேலிக்கு உள்ளே இருந்தது. தொட்டி வேலையை முடித்துவிட்டு ஒரு மணிக்கு லயத்துக்கு நடந்தால் சுடச்சுடச் சோறு. கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு. கால் நீட்டி உட்கார்ந்து, ஊதி ஊதித் தின்னலாம். மூன்று வாரத்தில் கன்னத்தில் சதை வைத்துவிட்டது என்று முத்தாயியே கிள்ளிப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு வாரம் தாண்டினால் அந்தச் சூட்டுச் சோறு அவளுக்கு நிரந்தரம். அதற்காகக் கிராணி சீன பாஷையில் கதை சொன்னாலும் அவள் தலையாட்டியிருப்பாள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்கக் கேட்க அவளுக்கு அது பிடித்துத்தான் போயிற்று.

"தனியா நிக்கிறது தனிமம், பஞ்சாலை," என்று கிராணி தொட்டி ஓரத்தில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார். "இரும்பு ஒரு தனிமம். கந்தகம் ஒரு தனிமம். ஆனா முக்கால்வாசிக்குத் தனியா இருக்கப் புடிக்காது. ஒண்ணு கைய ஒண்ணு புடிச்சுக்கும். அப்படிச் சேந்து குடும்பம் நடத்துனா அது சேர்மம். புடிச்ச புடி இருக்கே, அதுதான் பிணைப்பு."

"எத்தனை கைங்கய்யா அதுங்களுக்கு?"

"ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஆக்சிஜனுக்கு ரெண்டு. கார்பனுக்கு நாலு."

"நாலு கையா? அப்ப அது சாமிதான்," என்றாள் பஞ்சாலை. கிராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வி கேட்கிற ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு ஷீட் கணக்கு எழுதவே மறந்துவிட்டார்.

இன்னொரு நாள் ஆசிட் ஜாடியைத் தட்டிக் காட்டினார். "இது என்னா தெரியுமா? எறும்பு ஆசிட். முசிறு கடிச்சா எரியுதுல்ல, கடிச்ச எடத்துல அது விடுறது இதேதான். ஒரு கார்பன், ரெண்டு ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன். அந்த ரெண்டு ஹைட்ரஜன்ல ஒண்ணு கார்பன் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு அசையாது. இன்னொண்ணு இருக்கே, அது ஆக்சிஜனைச் சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும், எப்படா விடலாம்னு. தண்ணியில போட்டா உட்டுட்டுக் கெளம்பிரும். அந்த ஓடுகாலிதான் புளிப்பு."

"ஓடிப்போயி என்னா பண்ணும்?"

"பால்ல இருக்கிற ரப்பர் துளிங்க ஒண்ணை ஒண்ணு பாத்தா ஆகாது. பங்காளி வீட்டு ஆளுங்க மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நிக்கும். அதனாலதான் பால் தண்ணியா இருக்கு. இந்த ஓடுகாலி நடுவுல பூந்து சமாதானம் பண்ணி வச்சிரும். எல்லாம் ஒண்ணா சேந்து கட்டியாயிரும்."

"ஓடுகாலி வந்து பங்காளிங்களைச் சேத்து வைக்குதா! நல்ல குடும்பம்லா இது," என்று சொல்லிவிட்டுப் பஞ்சாலை பலகையால் நுரையை வழித்தாள். வீட்டுக்குப் போய்ச் சன்னாசியிடம் இதைச் சொன்னபோது, "ஆறு வருஷம் கலக்குனேன், எனக்கு ஒரு ஓடுகாலியையும் கண்ணுல காட்டலையே அந்த ஆளு," என்று அவன் அலுத்துக்கொண்டான்.

சன்னாசி ஆசிட்டை ஒழுங்காகக் கலக்கினானே தவிர, மற்றபடி ஒரு துரும்பையும் துடைத்தவன் இல்லை. பால் வடிகட்டுகிற துணிகளை அவன் ஆறு வருஷத்தில் ஒருநாள் துவைத்திருந்தால் கேளுங்கள். வீச்சம் குடலைப் பிடுங்கியது. பஞ்சாலை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லை. சவுக்காரம் கேட்டால் ஆபீசில் முறைப்பார்கள். ஆனால் சாம்பலுக்கு என்ன பஞ்சம்? ஷீட்டுகளுக்குப் புகை போடுகிற வீட்டின் அடுப்பில் ரப்பர் விறகுச் சாம்பல் குவிந்து கிடந்தது. ஸ்டோருக்குப் பின்னால் தண்ணி டிரம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு டிரம்மை உருட்டி வைத்து, நாலு தகரம் சாம்பலை அதில் கொட்டி ஊறவைத்தாள். இரண்டு நாளில் சாம்பல் அடியில் தங்கி, மேலே தண்ணி கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. லயத்தில் எல்லாப் பெண்களும் அந்தக் காலத்தில் அப்படித்தான் துணி வெளுத்தார்கள். துணிகள் வெள்ளை வெளேர் என்று வந்தன. துரையே ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, ஏதோ இங்கிலீசில் சொல்லிவிட்டுப் போனார். நல்லதாகத்தான் சொன்னார் என்றார் கிராணி.

புதன்கிழமை விடியும் முன் நல்ல மழை. வெட்டு தாமதமாகத்தான் தொடங்கியது. ஆற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணி செம்மண் கரைசலாக வந்தது. அன்று காலையில்தான் ரந்தாவ் கடைக்காரர் சைபுதீன் தன் லாரியில் புது ஆசிட் ஜாடியைக் கொண்டுவந்து இறக்கினார். நாற்பது வயதுக்காரர், தோட்டத்துக்கு அரிசியிலிருந்து ஆணிவரை கொண்டுவருகிறவர். லயம் லயமாகச் சாமான் போட்டு முடிக்க மூன்று மணி தாண்டிவிடும். பஞ்சாலைக்கு அவர் பாய், அவருக்கு அவள் தங்கச்சி. போன மாசம் பெடாஸ் ரோட்டில் மலைக்காரர்கள் அவருடைய லாரியை மறித்து இரண்டு மூட்டை அரிசியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பறிகொடுத்தவரையே போலீஸ் மூன்று நாள் உட்காரவைத்து விசாரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் போலீஸ் நோட்டில் இருக்கிறது.

பன்னிரண்டரைக்குத் தொட்டி நிறைந்தது. ஆசிட்டைத் தண்ணியில் கலந்துதான் பாலில் ஊற்ற வேண்டும். பஞ்சாலை தண்ணி டிரம்மை எட்டிப் பார்த்தாள். செக்கச்செவேல் என்று இருந்தது. இதை ஊற்றினால் ஷீட்டெல்லாம் கறை பிடிக்கும், துரை காட்டுக்கு விரட்டுவார். பக்கத்து டிரம்மில் சாம்பல் தண்ணி எவ்வளவு தெளிவாக நிற்கிறது! சாம்பல்தானே, பாத்திரத்தைத் துலக்குகிறதும் அதுதான், நெற்றியில் பூசுகிறதும் அதுதான், அதனால் என்ன கெட்டுப்போகும்? மேலாக இரண்டு வாளி மொண்டு வந்தாள். அதில் ஆசிட்டை அளந்து ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கி வாளி விளிம்புக்கு வந்துவிட்டது.

"ஐயா! இங்க பாருங்க!"

கிராணி ஓடிவந்து பார்த்தார். முகமெல்லாம் பல். "புது ஜாடி பஞ்சாலை! வீரியத்தைப் பாத்தியா! ஓடுகாலிங்க கூட்டமா கெளம்புது!" என்றார். படித்தவர் சொன்னால் சரிதான் என்று அவளும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, நுரை வழித்து, பாலைக் கட்டி கட்டியாகப் பிரிக்கிற தகடுகளைச் சொருகினாள்.

சாப்பாட்டுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை விரல் விட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். மற்ற நாளில் ஆசிட் ஊற்றி அரை மணியிலேயே பால் கெட்டிப்படத் தொடங்கியிருக்கும். அன்று ஒரு மணிக்கும் தண்ணியாகவே இருந்தது. சரி, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றாள். இரண்டு மணிக்கும் பால். மூன்று மணிக்கும் பால். வயிறு கூப்பாடு போட்டது. ஒரு நாள் முழுக்கத் தோட்டமே வெட்டின பால், அப்படியே அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

மூன்றேகாலுக்குத் துரை வந்தார். அவர் வந்து ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. தமிழில் "சீக்கிரம்", "போ" என்ற இரண்டு சொல்தான் தெரியும். தொட்டியைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், முகம் சிவந்து கிராணியிடம் படபடவென்று பொரிந்தார். கிராணி திரும்பிப் பஞ்சாலையிடம் சொன்னபோது அவர் குரலே இறங்கியிருந்தது.

"ஆசிட்ல தண்ணி கலந்திருக்குங்கிறார். சைபுதீன் மலைக்காரனுங்களோட சேந்துக்கிட்டு வேணும்னே தோட்டத்து ரப்பரைக் கெடுக்கிறாராம். கேட்டுக்குப் போன் போட்டு லாரிய நிறுத்திட்டாங்க. அஞ்சு மணிக்குச் சிரம்பான்லேர்ந்து போலீஸ் வருது."

"பாயையா? அடப்பாவமே! அவரு என்னா பண்ணாரு?"

"நாசவேலைன்னு சொல்றாங்க. புடிச்சுக்கிட்டுப் போனா எத்தனை வருஷமோ. இல்லாட்டி கப்பல்ல ஏத்தி ஊருக்கே அனுப்பிடுவாங்க."

பஞ்சாலை ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள். சைபுதீன் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார். சன்னாசி துப்பாக்கியோடு அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். காவல் காக்கிறவன் முகத்தில்தான் பயம் அதிகமாக இருந்தது. போன தீபாவளிக்குச் சன்னாசி கட்டிய வேட்டி அவர் கடை வேட்டி.

துரை அந்தப் பக்கம் போனதும் அவள் ஜாடியின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். மூக்கில் சுருக்கென்று ஏறியது. கண்ணில் பொலபொலவென்று தண்ணி கொட்டியது. தண்ணி கலந்த ஆசிட்டா இப்படி அழவைக்கும்? ஜாடி சரியாகத்தான் இருக்கிறது. பாலும் நேற்று வெட்டிய அதே மரங்களின் பால்தான். அப்படியானால் வேறு என்ன மாறியது?

தண்ணி மாறியது.

மரம் வெட்டப் போன காலத்தில் முசிறு கடித்தால் என்ன செய்வார்கள்? முத்தாயி தன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கடித்த இடத்தில் தேய்த்துவிடுவாள். எரிச்சல் அடங்கிவிடும். வெற்றிலை போடாதவர்கள் சாம்பலைக் குழைத்துத் தடவுவார்கள். எறும்பு விட்ட ஆசிட்டைச் சுண்ணாம்பும் சாம்பலும் அடக்கும் என்றால், ஜாடியில் இருக்கிற எறும்பு ஆசிட்டை மட்டும் விட்டுவைக்குமா? அந்த நுரை! மூன்று வாரத்தில் ஒருநாளும் பொங்காத நுரை! அது வீரியம் இல்லை. ஆசிட்டின் உயிர் போன சத்தம் அது.

அன்றைக்குத் தூரத்து நிரையில் வெட்டிய முத்தாயி தாமதமாகக் கொண்டுவந்து வைத்த பால் ஒரு வாளி தனியாக இருந்தது. பஞ்சாலை, மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணமான மங்கு இரண்டை எடுத்து அந்தப் பாலை ஊற்றினாள். ஆற்றுத் தண்ணியில் கலந்த ஆசிட் ஒன்றுக்கு, சாம்பல் தண்ணியில் கலந்தது இன்னொன்றுக்கு. கொஞ்ச நேரத்தில் முதல் மங்கு மெத்தென்று கட்டியாகிவிட்டது. இரண்டாவது அப்படியே பாலாக நின்றது.

அவள் கிராணியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டு வந்து காட்டினாள். "ஐயா, பாய் மேல குத்தம் இல்ல. நான்தான். சாம்பல் தண்ணியில கலந்துட்டேன்."

கிராணி இரண்டு மங்கையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியில் அறைந்துகொண்டார். "அட மடையா! பொட்டாசியம் கார்பனேட்! சாம்பல் தண்ணி பூராவும் அதுதானே! அந்த ஓடுகாலி ஹைட்ரஜனை அது வளைச்சுப் புடிச்சுத் தண்ணியாக்கிரும், பொங்கினது கரியமில வாயு, மிச்சம் நிக்கிறது வெறும் உப்பு."

பஞ்சாலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உப்பா? ஐயோ சாமி, பெர்மிட் இல்லாம உப்பா காச்சிட்டேன்?"

"கொழம்புல போடுற உப்பு இல்ல, இது வேற உப்பு," என்றவர் சட்டென்று நிறுத்தினார். எதிரில் துரை வந்துகொண்டிருந்தார். கிராணி தணிந்த குரலில், "வாய மூடிக்க பஞ்சாலை. நீ சொன்னா உன் வேலை போச்சு. நுரையப் பாத்துச் சபாஷ் போட்டவன் நான், என் வேலையும் போச்சு. பேசாம இரு," என்றார். ஊருக்கெல்லாம் பேசுகிற மனுஷன் இன்னொருத்தரைப் பேசாதே என்று சொன்னது அன்றைக்குத்தான்.

பஞ்சாலை பேசாமல்தான் நின்றாள், ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் ஆவி பறக்கிற சோறு கண்ணுக்கு முன்னால் வந்தது. இனிமேல் ஐந்தரை மணிக் கேட்டும், பத்து மணி மயக்கமும்தான் என்று நினைத்தபோது அழுகைகூட வந்தது. கேட்டுப் பக்கம் சைபுதீன் எழுந்து நின்று ரோட்டைப் பார்ப்பது தெரிந்தது.

அவள் இரண்டு மங்கையும் தூக்கிக்கொண்டு துரைக்கு நேராகப் போய்விட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாதே என்று யோசிக்கவே இல்லை. ஜாடியைத் தொட்டுக் காட்டி, கட்டியான மங்கைக் காட்டினாள். அதே ஜாடியைத் தொட்டுவிட்டு, சாம்பல் டிரம்மைக் காட்டி, பாலாக நின்ற மங்கை அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துத் தட்டினாள். துரை புரியாமல் விழித்தார். மறுபடியும் முதலிலிருந்து, அவர் கண்முன்னாலேயே புதுப் பாலை ஊற்றி, இரண்டு தண்ணியிலும் ஆசிட்டைக் கலந்து காட்டினாள். சாம்பல் தண்ணி புஸ்ஸென்று பொங்கியது. துரை குனிந்து அதையே பார்த்தார்.

கிராணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாய்தானே அவருக்கு எஜமான்! ஆரம்பித்தார் பாருங்கள் இங்கிலீசில், கார்பன், ஹைட்ரஜன், பொட்டாசியம் என்று பஞ்சாலைக்கே பாதி புரிந்தது. நடுவில் தன் நெஞ்சையும் ஒருமுறை தட்டிக்கொண்டார். நுரையைப் பார்த்து நல்லது என்று சொன்னது தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டதை அவள் அதிலிருந்தே தெரிந்துகொண்டாள். துரை மங்கில் கட்டியான பாலை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஆபீசுக்கு நடந்துபோய்ப் போனை எடுத்தார்.

கால் மணி நேரத்தில் கேட் திறந்தது. சைபுதீன் லாரியை எடுக்கும் முன் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். "என்னா தங்கச்சி நடந்திச்சு? உம் புருசன் என்னைய சுட்டுருவானோன்னு அவனே பயந்து போய்ட்டான்லா!" என்றார். சிரித்தாலும் அவர் கண் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சாலை, "ஒண்ணுமில்ல பாய், பால் கட்டிப்படல. நீங்க பொழுதோட வீடு போய்ச் சேருங்க," என்று அனுப்பிவைத்தாள்.

துரை திரும்பி வந்து சொன்னதைக் கிராணி மொழிபெயர்த்தார். "ஆறு மணிக்குக் கேட்டை மூடுவாங்க. அதுக்குள்ள தொட்டி கட்டியானா பாக்கலாங்கிறார். ஆகாட்டி நாளைக்கு நீ காட்டுக்கு. நானும் எங்கேயோ."

நாலு மணி. பஞ்சாலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். வெளுத்த வடிகட்டுத் துணியை நாலாக மடித்து, செம்மண் தண்ணியை அதில் இரண்டு தடவை வடித்தாள். கிராணி காகிதத்தில் கணக்குப் போட்டார். சாம்பல் எவ்வளவு ஆசிட்டைத் தின்றிருக்கும், இன்னும் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அடித்து அடித்து எழுதினார். பஞ்சாலை கணக்கை நம்பவில்லை. மங்கு மங்காகப் பாலை எடுத்துச் சோதித்து, எந்த அளவுக்குச் சட்டென்று பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். கடைசியில் காகிதம் சொன்னதும் மங்கு சொன்னதும் அரைக் குவளைதான் வித்தியாசம். கிராணிக்கு அதில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் பரீட்சையே பாஸான மாதிரி இருந்தது.

தகடுகளை உருவினாள், ஊற்றினாள், கலக்கினாள், நுரை வழித்தாள், தகடுகளைத் திரும்பச் சொருகினாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. தொட்டி விளிம்பில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கிராணி கணக்குக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பஞ்சாலைக்கே பொறுக்காமல், "ஐயா, அந்த ஓடுகாலிங்க இப்ப என்னா பண்ணிக்கிட்டு இருக்கும்?" என்று கேட்டாள்.

"சமாதானம் பேசிக்கிட்டு இருக்கும்," என்றார் கிராணி. "பங்காளிங்க எறங்கி வரணுமே."

"வருவாங்க, வருவாங்க. எத்தனை நேரந்தான் முறைச்சுக்கிட்டு நிப்பாங்க?" என்று அவருக்குத் தைரியம் சொன்னாள். தனக்கும்தான்.

ஐந்து மணிக்கு விரலை விட்டாள். கொழகொழவென்று ஒட்டியது. ஐந்தரைக்கு விரல் உள்ளே போக மறுத்தது. பஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து ஐம்பதுக்குத் துரை வந்தபோது, தகடுகளுக்கு நடுவில் பால் வெள்ளைவெளேர் என்று கட்டிகட்டியாக நின்றது. அடியில் தெளிந்த தண்ணி பிரிந்திருந்தது. துரை கட்டைவிரலால் ஒரு கட்டியை அழுத்தினார். பள்ளம் விழுந்து, மெல்ல எழும்பி வந்தது. அடுத்த கட்டியை அழுத்தினார். பிறகு அதற்கடுத்ததை. ஒன்று விடாமல் தொட்டி முழுக்க அழுத்திக்கொண்டே போனார்.

கடைசிக் கட்டிக்கு வந்ததும் நிமிர்ந்து பஞ்சாலையைப் பார்த்து ஏதோ கேட்டார். கோபமாகக் கேட்ட மாதிரி இல்லை.

"உன்னைய ஒண்ணு கேக்கிறார்," என்றார் கிராணி. "நீ சொல்லலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. ஆசிட் மேல பழி போயிருக்கும், உன் வேலை உனக்கு இருந்திருக்கும். அப்பறம் ஏன் சொன்னே?"

பஞ்சாலைக்கு இதென்ன கேள்வி என்று இருந்தது. "சொல்லாம இருந்தா எனக்குச் சுடுசோறு கெடைக்குந்தான். பாயைக் கப்பல் ஏத்திட்டு அந்தச் சோத்தை வாயில வச்சா தொண்டையில எறங்குமாய்யா? அதுக்கு நான் காட்டுல பட்டினி கெடந்துட்டுப் போறேன். அந்தப் பசி எவ்வளவோ தேவலை."

திருநாவுக்கரசு கிராணி வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துரை காத்திருந்து பார்த்துவிட்டு, என்ன சொல்கிறாள் என்று திரும்பவும் கேட்டார்.

"அவளுக்குப் பசிக்குதாம், சார்," என்றார் கிராணி.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மத்தியானம் லயத்துக்குப் போகவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். லயத்துப் பக்கம் கையைக் காட்டி, "போ. சீக்கிரம்," என்றார் தமிழில். மேற்கொண்டு இங்கிலீசில் சொன்னதைக் கிராணி உரக்கச் சொன்னார்.

"போயிச் சாப்பிட்டுட்டு நல்லா தூங்கு பஞ்சாலை. காலையில ஆறு மணிக்கு ஸ்டோருக்கு வந்துரணுமாம்."